வேணியின் இடது தாடை

காஜா பேராங், மலாக்கா
11 ஆகஸ்ட் 1943

கருணாகரனுக்கு,

இரண்டு வருஷமாக உனக்கு எழுதவில்லை. இப்போதும் தம்பிக்கு என்று எழுதவில்லை. ஒரு டாக்டருக்கு எழுதுகிறேன். தம்பின் ஊர் ஸ்டேஷனில் ரயில் கார்டாக இருக்கும் தேவதாஸ் இதைத் தன் கையாலேயே, இப்போது ஷோனான் ஆகிவிட்ட சிங்கப்பூரில், உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். இதில் அவர்கள் படிக்கக் கூடாதது இருக்கிறது. அதனால்தான் தேதியையும் ஜப்பான் வருஷத்தில் போடாமல் நம் கணக்கிலேயே போட்டிருக்கிறேன்.

வேணிக்கு இடது தாடையில் வீக்கம்.

ஜப்பான் பட்டாளம் ஊருக்குள் வந்த புதிதில், இந்தத் தெருவில் வயதுப் பெண் இருந்த வீடெல்லாம் ஏதாவது ஒரு வழி பண்ணிக்கொண்டது. ஒரு வீட்டில் பெண்ணுக்கு மொட்டை அடித்தார்கள். அடுத்த வீட்டுப் பாக்கியம் மலாக்காச் செட்டிக் குடும்பத்துக்காரி, பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். அவள் தன் மகள் முகத்தில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். நான் படித்தவள் அல்லவா, யோசித்துச் செய்தேன். ஒரு கொட்டைப்பாக்கைத் துணியில் சுற்றி வேணியின் இடக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். தாடையோடு தலையைச் சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டேன். வாய் வீங்கி நாற்றமடிக்கும் பெண்ணை யார் தொடுவார்கள்? ஒருமுறை இரண்டு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாக்கியம் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் யோசனையை எல்லாரும் மெச்சினார்கள்.

வேணி அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். வெளியே கிளம்பும்போதெல்லாம், "பாக்கு விலை ஏறிப்போச்சும்மா. இன்னைக்கு அரைப் பாக்கு போதுமா?" என்பாள்.

உன் அத்தானைக் குருபோங் தோட்டத்து ஆட்களோடு சயாமில் ரயில்பாதை போடக் கூட்டிப்போனார்களே, கிராணி என்பதால் கணக்கு எழுதப் போதும், சீக்கிரம் அனுப்பிவிடுவோம் என்று சொல்லி. அந்த மாதம்தான். அரிசி வரிசைக்குக் கிளம்பியவளைப் பார்த்து, இன்றைக்கு நன்றாக வைத்திருக்கிறாய், நிஜ வீக்கம் போலவே இருக்கிறது என்றேன். அவள் வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே எதுவும் இல்லை.

கொஞ்ச நாளாகவே அப்படி இருந்ததாம். பாக்கு அழுத்தி வீங்கியிருக்கிறது, தானே வற்றிவிடும் என்று நினைத்தாளாம். அப்பாவைக் கூட்டிப்போன துக்கத்தில் இருக்கும் என்னிடம் இதை எங்கே சொல்வது என்று விட்டுவிட்டாளாம். பிறகு கடைவாய்ப் பற்கள் ஆடின. தெங்கேராவில் பல் பிடுங்குகிறவனிடம் அழைத்துப்போனேன். இரண்டைப் பிடுங்கினான். அந்தக் குழி இன்னும் ஆறவில்லை. ஆறாததோடு, அதிலிருந்து சதை மேலெழுந்து வருகிறது. தொட்டால் இரத்தம்.

பாக்கினால்தான் இது வந்ததா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சந்திரமதி


ஷோனான்
24 ஆகஸ்ட் 1943

அக்காவுக்கு,

பதில் வாங்காமல் வரக்கூடாது என்று உத்தரவாம். தேவதாஸ் வாசலில் நிற்கிறார்.

பாக்கு காரணமல்ல. வருஷக்கணக்கில் பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோலில் புண் வரும். அவர்களை இங்கே தினமும் பார்க்கிறேன். நீ எழுதியிருப்பது வேறு. இது எலும்புக்குள்ளிருந்து வருகிறது. பாக்கு இதை உண்டாக்கவில்லை. மறைத்தது. இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இனி அவள் வாயில் யாரும் கை வைக்கக் கூடாது. சீழ் என்று சொல்லிக் கீறவும் விடாதே, பாக்கியத்தின் மஞ்சள் பற்றும் வேண்டாம். சூடு வைத்தால் கெடுதல்.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். வீக்கத்தை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா, கல்லாக இருக்கிறதா? காய்ச்சல் உண்டா? வலியில் தூக்கம் கலைகிறதா? கழுத்தில் நெரிகட்டி தென்படுகிறதா? இருமல்? ஒரு கோழி இறகை எடுத்துக்கொள். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கீழுதட்டின் இரண்டு பக்கத்தையும் மெல்லத் தொடு. என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுது.

அத்தானைப் பற்றி எனக்குத் தெரியாது, அக்கா. யாரும் சொல்லவில்லை.

கருணாகரன்


காஜா பேராங்
5 செப்டம்பர் 1943

கருணாகரனுக்கு,

வீக்கம் கல்லாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. வலியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், கேட்டால் கொசு என்கிறாள். நெரிகட்டி என் விரலுக்குத் தட்டுப்படவில்லை. இருமல் இல்லை.

இறகு வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தொட்டதும் கூசுது என்று சிரித்தாள். இடப்பக்கம் தொட்டேன். அதே சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தாள். "தொடும்மா, எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கிறது?" என்றாள். இறகு அவள் உதட்டின் மேலேயே இருந்தது.

நான் எடுத்துவிட்டேன். தொட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தில் எல்லாம் கேள்வி. வேணி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு கேள்வி இல்லை. மாமா என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டாள். உன் உதட்டைப் பற்றி எழுதியிருக்கிறான் என்றேன். நம் வீட்டில் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது புதிதில்லை. அவள் பெரியவளானதிலிருந்து உனக்கென்றே நாங்கள் பேசிவந்ததும் உனக்குத் தெரியும். நீ வந்து, தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கட்டிக்கொள்ள முடியாது என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனாய். அவள் அன்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அது உனக்குத் தெரியாது.

இது என்ன என்று சொல். சுற்றி வளைக்காதே.

சந்திரமதி


ஷோனான்
16 செப்டம்பர் 1943

அக்காவுக்கு,

கீழுதட்டுக்குப் போகும் நரம்பு தாடையெலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. சாதாரணப் பல் சீழில் அது இப்படி மரத்துப்போவது அபூர்வம். உள்ளே ஏதோ அதை நெரிக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமல், ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீ சுற்றி வளைக்காதே என்கிறாய். சார்கோமா என்று நினைக்கிறேன். எலும்பிலேயே பிறக்கும் புற்று. வாலிப வயதில் கால் எலும்பில் பார்த்திருக்கிறேன். தாடையில் வருவது மிக அரிது. நான் அதைப் படிக்கும்போது புத்தகத்துப் படத்தில்தான் பார்த்தேன். பல் பிடுங்கியவனுக்கு மட்டுமல்ல, பெரிய டாக்டர்களுக்கும் முதலில் இது பல்லாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே அந்த விஷயத்தில் உன்னையே நொந்துகொள்ளாதே.

மருந்தில் கரையாது. கதிர் கொடுக்க இப்போது இங்கே வழியில்லை. வெட்டி எடுப்பது ஒன்றுதான். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். முகவாயின் நடுவிலிருந்து காதுக்குக் கீழ் மூட்டு வரை, இடப்பக்கத்துத் தாடை முழுவதையும் எடுக்க வேண்டும். அவள் முகம் அந்தப் பக்கம் உள்ளே விழுந்துவிடும். கஞ்சிதான் சாப்பிட முடியும். பேச்சு குழறும், பழகப் பழகத் தெளியும். எடுத்தாலும் பிழைப்பாள் என்று உறுதி கிடையாது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகம் கிடையாது.

இங்கே ஒரு படை மருத்துவர் இருக்கிறார், ஜப்பானியர். சீனச் சண்டையில் தாடையில் குண்டு பட்டவர்களுக்கு வெட்டி ஒட்டியே கை பழகியவர். அதிகம் பேச மாட்டார். வேணியைப் பற்றிச் சொன்னேன். கொண்டுவா என்றார். அக்டோபர் நடுவில் அவரைப் பர்மாவுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் வர வேண்டும். பயண அனுமதிக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன்.

வேணி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லைதான். கேட்டால் நீ பதில் எழுதுவாயே என்று பயம்.

கருணா


காஜா பேராங்
27 செப்டம்பர் 1943

கருணா,

யார் கண்ணில் படக்கூடாதென்று என் பெண்ணின் முகத்தைக் கெடுத்து வைத்திருந்தேனோ, அவர்கள் கத்தியிலேயே அதைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாய். சரி, அது போகட்டும். கத்தி பிடிக்கிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் என்ன என்பதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பாதி முகத்தோடு எழுந்து உட்கார்ந்தவளை யார் கேட்டு வருவார்கள்? அவள் அப்பா திரும்புவாரா தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எனக்கு வரவில்லை. என்னை எத்தனை நாள் வைத்திருப்பார்களோ. எனக்குப் பிறகு அவள் யார் வீட்டுப் பின்கட்டில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, யாருக்குப் பாத்திரம் தேய்ப்பாள்?

நீ வார்த்தை கொடு. அவள் பிழைத்தெழுந்தால் நீ கட்டிக்கொள்வாய் என்று இந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பு. தேவதாஸ் கொண்டுவந்து கொடுத்த மறுநாள் புறப்படுகிறேன். முடியாதென்றால் அதையும் எழுது. அவள் இருக்கிற வரைக்கும் முழு முகத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை வேணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கொடுமைக்காரி என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

அக்கா


ஷோனான்
24 அக்டோபர் 1943

அக்கா,

கட்டிக்கொள்கிறேன். நீ கேட்டபடி உன் காகிதத்தின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

தேவதாஸ் வந்தபோதெல்லாம் இன்னும் எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினேன். எழுதினேன், கிழித்தேன். பொய்யாகச் சரி என்று எழுதி, நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே தோன்றியது. அப்படிச் செய்திருக்க வேண்டும். வேறு யாருடைய பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நான் மெய்யாகவே முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படை மருத்துவர் பர்மாவுக்குப் போய்விட்டார். இனி இங்கே நான்தான். அவர் வெட்டும்போது இருமுறை எதிரே நின்று பிடித்துக்கொடுத்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை.

உடனே புறப்படு. மலாக்காவிலிருந்து தம்பின் வரை தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டதாகத் தேவதாஸ் சொல்கிறார். லாரி கிடைக்காவிட்டால் மாட்டுவண்டி. ரயிலில் அவளைச் சாய்ந்த மாதிரி உட்கார வை, படுக்க வைக்காதே. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துக் கடிக்கச் சொல்.

கருணா


ஷோனான்
20 டிசம்பர் 1943

அன்புள்ள அக்கா,

உன் அனுமதிச் சீட்டு முடிந்து நீ ரயிலேறிய பிறகு, வேணி அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மறுநாள் எழுந்து கஞ்சி கேட்டாள். மூக்கு வைத்த பீங்கான் கோப்பையில்தான் ஊற்றிக்கொள்கிறாள். முதலில் பாதி கழுத்தில் வழிந்தது, இப்போது குறைவு. மிச்சமிருக்கும் வலத் தாடை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. பல் கட்டுகிற ஒருவரைப் பிடித்து, பற்களில் மாட்டும் ஒரு கட்டு செய்து போட்டிருக்கிறோம். அதைக் கழற்றிவைத்தால்தான் பேச முடிகிறது. தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, தையல் வகுப்பில் அம்மா இதற்குப் பாஸ் போட மாட்டார்கள் என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரமாயிற்று. நான் நின்று கேட்டேன்.

உன்னிடம் நேரில் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. வெட்டிய அன்று நீ கேட்கவில்லை, நானும் தப்பித்துக்கொண்டேன்.

மயக்கத்துக்கு ஈத்தர் கொடுப்பதற்கு முன் மேசைமேல் படுத்திருந்தவளிடம், நான் உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன், அது வெறும் வார்த்தையில்லை என்றேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ரயிலில் நீயே சொன்னாயாமே. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, தாடையை எடுத்துக்குங்க. கழுத்தை என்கிட்டயே விட்டிருங்க." முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்த தாதி சிரித்துவிட்டாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் அவள், "கதவுக்குப் பின்னால நின்னு கேட்டதே போதும் மாமா. மறுபடியும் கேக்க வேணாம், வெட்டுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஈத்தரைச் சொட்டவிடச் சொல்லித் தாதிக்குத் தலையசைத்தேன்.

இரண்டாவது. எடுத்த எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தோம். நினைத்ததுதான். முகவாய்ப் பக்கத்து ஓரம் சுத்தமாக இருக்கிறது. காதுப் பக்கத்து ஓரம் சுத்தமாக இல்லை.

கருணா


காஜா பேராங்
9 ஜனவரி 1944

கருணா,

உன் கடிதத்தின் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஓரம் சுத்தமாக இல்லை என்றால் என்ன? வீடு பெருக்குகிறவள் மாதிரி எழுதியிருக்கிறாய்.

உன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள். அவளே வேண்டாம் என்ற பிறகு நான் யார் பிடித்து வைத்துக்கொள்ள? பெற்ற பெண்ணின் உயிரை ஒரு தட்டிலும் அவள் கல்யாணத்தை ஒரு தட்டிலும் வைத்து நான் நிறுத்துக்கொண்டிருந்தேன். உன்னைச் சொல்லவில்லை.

பாக்கியம் தினமும் கேட்கிறாள். இங்கே தமிழ் பேசத் தெரியாமல் எனக்கு ஆறுதல் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். மலாயில் அழுதாலும் அழுகைதான் என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா


ஷோனான்
13 பிப்ரவரி 1944

அன்புள்ள அக்கா,

காதுக்குக் கீழே மறுபடி வந்திருக்கிறது. எடுக்க முடியாத இடம். இருமலும் பிடித்திருக்கிறது. கையிலிருந்த கடைசிப் படத்தகட்டில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக நிழல் விழுந்திருக்கிறது. இந்தப் புற்று போகிற வழி அதுதான், இரத்தத்தோடு போய் நெஞ்சில் இறங்கும்.

அவளிடம் மறைக்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். இது நானா என்று கேட்டாள். வீட்டுக்குப் போகலாம் மாமா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வரும் வாரம் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். தம்பின் வரை ரயிலில், பிறகு தேவதாஸ் லாரிக்குச் சொல்லியிருக்கிறார். வலிக்குக் கொஞ்சம் மார்பியா கொண்டுவருகிறேன். எவ்வளவு, எப்போது என்று உனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் திரும்ப வேண்டும். இருக்க விட மாட்டார்கள்.

அவள் முகத்தைப் பார்க்கத் தெருவில் வருகிறவர்களை நீ தடுக்க வேண்டாம். தான் யாருக்கும் பயந்து மூடிக்கொள்ளப்போவதில்லை என்று சொல்லச் சொன்னாள்.

கருணா


காஜா பேராங்
2 ஏப்ரல் 1944

கருணா,

வேணி போன வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள்.

நீ காட்டிக்கொடுத்தபடிதான் மருந்து கொடுத்தேன். கடைசி வாரம் அது போதவில்லை. மூச்சுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது, முகம் அல்ல. முகத்தை இந்தத் தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. முதல் நாள் வந்தவர்கள் தரையைப் பார்த்துப் பேசினார்கள். பிறகு அவள் பேச்சைப் புரிந்துகொள்ள வாயைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. பாக்கியத்தின் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள். என் பெண் பேசுகிற தமிழை, கேட்டு மட்டும் பழகிய ஒரு செட்டிப் பெண் எனக்கு மலாயில் சொல்லி நான் தெரிந்துகொண்ட நாட்களும் உண்டு.

எடுக்கிற நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. உனக்குத் தெரிய வேண்டும்.

குளிப்பாட்டக் கூடிய பெண்களில் குருபோங்கிலிருந்து வந்த பூங்காவனமும் ஒருத்தி. உன் அத்தானோடு அவள் புருஷனும் சயாமுக்குப் போயிருக்கிறான். கல்யாணமாகாத பெண்ணை அப்படியே அனுப்பினால் ஆசையோடு அலையும், ஒரு வாழைக்கன்றையாவது மாப்பிள்ளையாக நிறுத்தி மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவர்கள் பக்கத்தில் வழக்கம்தானாம். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கொல்லைக்குப் போய்க் கன்றைத் தோண்டவே ஆரம்பித்துவிட்டாள். யாரும் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. நானும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் நடந்துவிடும், அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்ததாகிவிடும் என்று என் மனம் எட்டிப் பார்த்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வேண்டாம் என்றேன். பூங்காவனம் விடவில்லை. "டீச்சரம்மா, படிச்சவங்க நீங்க இதெல்லாம் நம்ப மாட்டீங்க. ஆனா பிள்ளைக்குக் குறை வைக்கலாமா?" என்றாள்.

"நம்புறேனோ இல்லையோ, உயிரோட இருக்கிற ஆம்பளையே கேட்டப்போ வேண்டாம்னு சொன்னவ அவ," என்றேன். "செத்ததுக்கு அப்புறம் அவகிட்ட கேக்காம ஒரு மரத்துக்குக் கட்டி வைக்க எனக்கு உரிமை கிடையாது."

யார் அந்த ஆம்பளை என்று யாரும் கேட்கவில்லை. கொல்லையில் தோண்டியவள் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிவிட்டு வந்தாள். வேணியைப் பாவாடை தாவணியிலேயே எடுத்துப்போனார்கள். கொள்ளி வைக்க அப்பனும் இல்லை, நீயும் இல்லை. பாக்கியத்தின் தம்பி வைத்தான்.

ஒன்று கேட்க வேண்டும். நான் பேரம் பேசாமல் இருந்திருந்தால், நீயும் கிழித்துக் கிழித்துப் போடாமல் இருந்திருந்தால், அக்டோபர் முதல் வாரத்திலேயே அந்தப் படை மருத்துவர் வெட்டியிருந்தால், அந்தக் காதுப் பக்கத்து ஓரம் சுத்தமாக இருந்திருக்குமா? பாத்திரம் தேய்க்கும்போது கேட்கிறேன், வரிசையில் நிற்கும்போது கேட்கிறேன். ஒருநாள் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மறுநாள், தாடையைத் திறப்பதற்கு முன்பே அது நெஞ்சுக்குப் போயிருக்கும் என்று தோன்றுகிறது. இந்த இரண்டில் எது தோன்றுகிற நாளில் எனக்குச் சோறு இறங்குகிறது என்பதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நீ பதில் எழுதாதே. தெரியாது என்று எழுதுவாய். அது உண்மையாகவும் இருக்கும். அதைப் படிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

ஆனால் தேவதாஸைச் சும்மா திருப்பி அனுப்பாதே, கருணா. அங்கே மழை பெய்கிறதா, என்ன சாப்பிட்டாய், ஏதாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா